கிரானைட் மேடை: மூணு கொட்டேஷன்ல எது நிஜமாவே குறைவு?

கிச்சன் மேடைக்கு கிரானைட் போட மூணு பேர்கிட்ட ரேட் கேட்கிறீங்க. முதல் ஆள் சதுர அடி 220 ரூபாய் என்கிறார். அடுத்தவர் ரன்னிங் ஃபுட் 1,500. மூணாவது ஆள், "மொத்தமா 26,000 கொடுத்துடுங்க சார்" என்கிறார். நம்மில் பலர் 220-ஐக் கேட்டதும் அட்வான்ஸ் கொடுத்துடுவோம். ஆனா இந்த மூணும் மூணு வேற அளவுகோல். ஒரே அளவுக்கு, வேலை முடிய ஆகும் மொத்தச் செலவா மாத்தின பிறகுதான் ஒப்பிடணும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். (உங்க ஊர் ரேட் வேற இருக்கலாம், கணக்கு முறை இதுதான்.) 'எல்' வடிவ மேடை. ஒரு பக்கம் 10 அடி, மூலையைக் கழிச்சு மறுபக்கம் 6 அடி, அகலம் 2 அடி. ஆக 16 ரன்னிங் ஃபுட், 32 சதுர அடி.

முதல் ஆள்: சதுர அடி 220

- கல்: ஸ்லாபா வாங்கணும், 48 சதுர அடி – ரூ.10,560
- பதிக்கும் கூலி, 32 × 150 – ரூ.4,800
- முன்பக்க மோல்டிங், 14 × 150 – ரூ.2,100
- சிங்க், அடுப்பு கட்டிங் – ரூ.1,500
- வண்டி, இறக்குக்கூலி – ரூ.3,000
- பழைய கல்லை எடுக்க – ரூ.3,000
- ஜி.எஸ்.டி. 18% – ரூ.4,493

மொத்தம் ரூ.29,453. வெட்டின மீதித் துண்டுக்கும் காசு உங்களுதுதான். அதனால அதைக் கேட்டு வாங்கி, ஷெல்ஃபுக்குப் பயன்படுத்துங்க.

இரண்டாவது ஆள்: ரன்னிங் ஃபுட் 1,500

கல், கூலி, கட்டிங், வண்டி, ஜி.எஸ்.டி. எல்லாம் அடக்கம். 16 × 1,500 = 24,000. பழைய கல்லை எடுக்க 3,000. மொத்தம் ரூ.27,000. இங்க ஒண்ணு கவனிங்க: மூலையை ரெண்டு பக்கமும் சேர்த்து அளந்தா 18 அடி ஆயிடும். 3,000 ரூபாய் சும்மா போகும். டேப் பிடிக்கும்போது பக்கத்துல நில்லுங்க.

மூணாவது ஆள்: மொத்தமா 26,000

பார்க்க இதுதான் குறைவு. ஆனா எந்தக் கல், எத்தனை மி.மீ. கனம், பழைய கல்லை யார் எடுக்கணும்னு ஒரு வரி கிடையாது. எடுக்கிற செலவு தனின்னா 29,000 ஆயிடும்.

அதனால ரேட் கேட்கும் முன்னாடியே ஒரு தாள்ல எழுதி, மூணு பேருக்கும் அதையே கொடுங்க: கல்லின் பெயர், கனம், மேடை அளவு, மோல்டிங் அடி, கட்டிங் எத்தனை, பழைய கல் அகற்றல், வண்டி, ஜி.எஸ்.டி. உள்ளேயா வெளியேயா. ஒவ்வொண்ணுக்கும் எதிரே அவங்க தொகையை எழுதட்டும்.

"பில் வேணாம்னா வரி இல்ல" என்பார்கள். கல்லுல விரிசல் வந்தா, நுகர்வோர் ஆணையத்துல காட்ட அந்த பில்தான் முக்கிய ஆதாரம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தா அங்க புகாருக்குக் கட்டணமும் கிடையாது. வரி கேட்கிறவரோட ஜி.எஸ்.டி. எண்ணை அரசு போர்ட்டல்ல போட்டுப் பாருங்க. தமிழ்நாட்டுப் பதிவுன்னா 33-ல ஆரம்பிக்கும். 'காம்போசிஷன்' திட்டத்துல இருக்கிறவர் உங்ககிட்ட வரி தனியா வசூலிக்கக் கூடாது.

பணத்தை மூணு தவணையா கொடுங்க. 27,000-க்கு அட்வான்ஸ் 8,100. நீங்க தேர்வு செஞ்சு பின்பக்கம் கையெழுத்து போட்ட அதே ஸ்லாப் வீட்டுக்கு வந்ததும் 10,800. மீதி 8,100, மேடையில தண்ணி ஊத்தி, அது தேங்காம சிங்க் பக்கம் ஓடுதான்னு பார்த்த பிறகு.

அட்வான்ஸ் கைமாறும் வரைதான் பேரம் உங்க கையில. அந்தத் தாளை இன்னிக்கே எழுதிடுங்க.