ஆன்லைனில் மேக்கப் பொருள்: அசலா, போலியா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ வேலை செய்பவர்களிடம் ரெக்சின் பையைக் காட்டி தோல் என்று விற்க முடியாது. வெட்டிய விளிம்பைப் பார்ப்பார்கள், பின்பக்கத்தைத் தடவுவார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள். ஆனால் அவர்களே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து லிப்ஸ்டிக்கோ முகக் கிரீமோ வாங்கும்போது தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை. மானிட்டரில் இருப்பது ஒரு படமும் ஒரு விலையும் மட்டுமே. ரம்ஜான் சமயத்திலும் தீபாவளி போனஸ் வந்த பிறகும் "ஆபரில் வாங்கினேன், அசல்தானா பார்த்துச் சொல்லுப்பா" என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். எனக்கு மேக்கப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு வெப் பக்கத்தில் எதை எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியும். பாதிப் போலிகளை ஒதுக்க அது போதும்.

இதில் போவது காசு மட்டும் அல்ல. கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அபூர்வமான ஒரு பிரிவு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள். சந்தேகம் அதில் இருந்த பாதரசத்தின் மீது விழுந்தது. நம் நாட்டு விதிப்படி, கண்ணுக்குப் பூசுபவை தவிர மற்ற அழகுப் பொருட்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம் கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கேரள அரசு 2023ல் தொடங்கிய "ஆபரேஷன் சௌந்தர்யா" சோதனைகளில் பிடிபட்ட சில லிப்ஸ்டிக், கிரீம்களில் அனுமதித்த அளவைப் போல 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

"பெரிய தளத்தில்தானே வாங்குகிறேன்" என்பார்கள். 2018 அக்டோபரில் போலி அழகுப் பொருட்கள் விற்பனை தொடர்பாக அமேசான், பிளிப்கார்ட் இரண்டுக்குமே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி நோட்டீஸ் அனுப்பினார். இத்தளங்கள் சந்தை போன்றவை. கடை போடுபவர் வேறு ஆள். எனவே பொருளின் பக்கத்தைத் திறந்ததும் "சோல்ட் பை" என்ற இடத்தைத் தேடி, அங்குள்ள பெயரின் மீது கிளிக் செய்திடவும். விற்பவரின் முகவரி, அவருக்குக் கிடைத்துள்ள மதிப்பெண் ஆகியவை கிடைக்கும். பொருளுக்கான நட்சத்திரங்கள் வேறு, விற்பவருக்கான நட்சத்திரங்கள் வேறு. புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். அடுத்து, தயாரித்த நிறுவனத்தின் தள முகவரியை நீங்களே அட்ரஸ் பாரில் டைப் செய்து சென்று, அந்த நிறமும் அளவும் உண்மையிலேயே தயாரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். இல்லாத ஷேடு விற்பனைக்கு இருந்தால் கதை முடிந்தது. அசலின் எம்.ஆர்.பி. 600 ரூபாய், இங்கே 120 ரூபாய் என்றாலும் அப்படியே.

பெயர் தெரியாத தளம் என்றால் முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்கவும். பிரபல பெயரில் ஓர் எழுத்தை மாற்றியிருப்பார்கள். எச்டிடிபிஎஸ் என்று இருந்தால் நம்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அடையாளம். திருடனும் அதை எளிதாக வாங்கலாம்.

பெட்டியின் படம் இருந்தால் கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸ் வீலை உருட்டிப் பெரிதாக்கவும். இந்தியாவில் தயாரானதில் தயாரிப்பாளரின் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண், ரூபாயில் எம்.ஆர்.பி. ஆகியவை வேண்டும். வழக்கமாக இவை தனி ஸ்டிக்கரில் இருக்கும். "இம்போர்டட்" என்று எழுதிவிட்டு இந்த ஸ்டிக்கர் இல்லாமல் வந்தால் நான் திருப்பி அனுப்பச் சொல்லிவிடுவேன். எந்த நாட்டில் தயாரானது என்பதையும் தளத்திலேயே காட்ட வேண்டும் என்பது சட்டம்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை மொபைலில் வீடியோ எடுக்கவும். பெட்டியிலும் உள்ளே உள்ள டியூபிலும் பேட்ச் எண் ஒன்றாக உள்ளதா, எழுத்துப் பிழை உள்ளதா என்று பார்த்த பிறகு சீலை உடைக்கலாம். சந்தேகம் என்றால் பூசிப் பார்க்க வேண்டாம். தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020ம் ஆண்டு விதி. பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம். அதற்கு முன், விற்றவர் பக்கத்தை நீக்கிவிடும் முன்பே, பிரின்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தி பெயின்ட்டில் பேஸ்ட் செய்து, பைலாக சேவ் செய்து கொள்ளுங்கள்.