கூரையைத் தட்டிப் பார்

மாரிக்குப்பம்,
கே.ஜி.எஃப்.

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். பதிலுக்குப் போனைப் பார்த்துப் பேச எனக்கு வராது. பாதியில் இருமல் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி உங்கம்மா அழுதுகொண்டே கூப்பிட்டாள். "அண்ணா, நீ சொன்னாத்தான் கேப்பான், வேண்டான்னு சொல்லு" என்றாள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. ஆனால் வெளிமாநில கிளப்புக்குப் போ என்று தட்டிக்கொடுத்து அனுப்புகிற கடிதமும் இது இல்லை. முழுசாகப் படி.

போன மாதம் பெங்களூர் அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் உன் ஆட்டத்துக்கு நான் வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. வேலைக்குப் போகிற கும்பலோடு காலையில் ஸ்வர்ணா ரயிலேறி, பங்காருப்பேட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்து, மேல்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நீ நன்றாகத்தான் ஆடினாய். ஆனால் முதல் பாதியில் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பந்து உன்னிடம் வருவதற்கு முன்னால் நீ திரும்பிப் பார்ப்பதெல்லாம் இடது தோள் பக்கம் மட்டும்தான். வலது பக்கம் பார்ப்பதே இல்லை. எதிரணியில் இருந்த ஒல்லிப் பையன் இரண்டு தடவை வலது பக்கமாக வந்து பந்தைக் கவ்விக்கொண்டு போனான். இரண்டாவது தடவை அது கோலாகியிருக்க வேண்டியது.

சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேஸ்திரி கையில் ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்தார். கீழே இறங்கியதும் நிற்கப்போகிற இடத்தில் மேல்பாறையைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் பாறை உறுதி. பொத்தென்று கேட்டால் அது கழன்று நிற்கிறது, அதற்குக் கீழே போகக் கூடாது. கைதான் தட்டும், காதுதான் பார்க்கும். மூன்று கிலோமீட்டருக்கும் மேலே ஆழம் போன மைன் அது. பாறையே சுடும். பாறை வெடித்து ஏர் பிளாஸ்ட் நடந்தால் மேலே தொழிலாளர் லைன் வீட்டில் பாத்திரமெல்லாம் ஆடும். அங்கே தட்டிப் பார்க்காமல் நின்றவன் எத்தனை பலசாலியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. நடுக்களத்தில் தோளைத் திருப்பிப் பார்ப்பதும் எனக்கு அதே வேலையாகத்தான் தெரிகிறது. ஃபார்வர்டுக்கு முன்னால் கோல்கம்பம் மட்டும் தெரிந்தால் போதும். உனக்கு நாலு பக்கமும் பாறை.

எங்கள் காலத்தில் உன் இடத்துக்கு ஹாஃப் என்று பேர். பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர். நான் லெஃப்ட் ஹாஃப். ஃபார்வர்டு ஐந்து பேருக்கும் ஊரில் பட்டப்பெயர் உண்டு. ஹாஃப் மூன்று பேரை எவனுக்கும் ஞாபகம் இருக்காது. நீயும் அதற்குப் பழகிக்கொள்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வெளிமாநில கிளப், ஐ-லீக் 2, எட்டு மாதக் காண்டிராக்ட். இங்கே ஒயிட்ஃபீல்டு கம்பெனியில் அப்ரண்டிஸ் முடிய இன்னும் நாலு மாதம்.

ஜேமி வார்டி கதையை எனக்குச் சொன்னாய். வாரம் 30 பவுண்டுக்குச் சின்ன கிளப்பில் ஆடிக்கொண்டு ஃபாக்டரியில் வேலை பார்த்தவன், 2016-இல் லெஸ்டரோடு பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினான் என்று. நிஜம்தான். ஆனால் ஒரு மைனில் ஒருத்தனுக்குத் தங்கக் கட்டி கிடைத்த கதையைச் சொல்லித்தான் ஆயிரம் பேரைக் கீழே இறக்குவார்கள். இங்கிலாந்தில் மேல் நாலு டிவிஷனில் மட்டும் 92 கிளப்புகள். அதில் சனிக்கிழமைதோறும் ஆடுகிற மிட்ஃபீல்டர்களில் எத்தனை பேர் பெயர் உனக்குத் தெரியும்?

நான் உனக்கு வேறு ஒரு பையனைச் சொல்கிறேன். விமல் யோகநாதன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 2006-இல் வேல்ஸில் பிறந்தவன். உன்னைப் போலவே நடுக்களம். சின்ன வயதில் லிவர்பூல் அகாடமியில் இருந்துவிட்டு, பிறகு பார்ன்ஸ்லிக்கு வந்தான். அது மூன்றாவது டிவிஷன். பேருக்கு ஆசைப்பட்டால் லிவர்பூல் சட்டையை விட மனசு வராது. அவன் கீழே இறங்கிப் போய், 18 வயதில் பெரியவர்களோடு முதல் அணியில் ஆடிவிட்டான். இங்கிலாந்தில் தொழில்முறையாகப் பந்தாடிய முதல் தமிழன் என்று எழுதினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, எந்த ஊரில் ஆடினான் என்பது. பார்ன்ஸ்லி நம் ஊர் மாதிரி. அங்கே நிலக்கரி. 1866-இல் ஓக்ஸ் சுரங்கத்தில் 361 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 1990-களில் மிச்சமிருந்த சுரங்கங்களையும் மூடிவிட்டார்கள். கிளப் மட்டும் இன்னும் இருக்கிறது. நமக்கு 2001 பிப்ரவரி 28-இல் மைன் போனது. மிச்சம் இருப்பது மைன் கழிவு குவிந்த சயனைட் மலையும் ரயிலும்தான்.

கிளப்பும் சாஸ்வதம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெரி என்று ஒரு கிளப். 1894-இலிருந்து லீகில் ஆடியது. 2019 ஆகஸ்டில் கடன் தீர்க்க முடியாமல் லீகை விட்டே வெளியே போட்டார்கள். நம் நாட்டிலும் 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லையே நிறுத்திவைத்தார்களே, மேல்படியில் இருந்தவர்களே சம்பளம் வருமா என்று விழித்தார்கள். நீ போகப்போவது மூன்றாவது படி.

அதனால் கிளப்பையும் தட்டிப் பார். எனக்கு அந்தப் புத்தி லேட்டாகத்தான் வந்தது. 1975-இல் பெங்களூர் லீகில் ஒரு டீம் கூப்பிட்டது. பேர் வேண்டாம். "ஆடு, வேலை போட்டுத் தருகிறோம்" என்று வாயால் சொன்னார்கள். அதை நம்பி எங்கப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டு போனேன். மூன்றாவது மாதம் வலது முழங்கால் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தனியாகப் போனேன். டீமிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்பதற்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஊருக்குத் திரும்பி, கால் ஆறினதும் மைனில் பேர் கொடுத்தேன். இப்போதும் மழை வருவதை வானிலை அறிக்கைக்கு முன்னால் அந்த முழங்கால் சொல்லிவிடும்.

நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காகிதத்தில் எனக்கு வேண்டியது இவ்வளவுதான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மாசாமாசம் எந்தத் தேதிக்குச் சம்பளம், அடிபட்டால் ஆபரேஷன் செலவு யாருடையது, அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா. உன் பேரை அகில இந்திய ஃபெடரேஷனின் ஆன்லைன் ரெஜிஸ்ட்ரேஷனில் ஏற்றுவார்களா, விட்டுப் போகும்போது என்.ஓ.சி. தருவார்களா. "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று ஒரு வார்த்தை வந்தால், அதுதான் பொத்தென்ற சத்தம்.

அப்ரண்டிஸை நடுவில் விடாதே. நாலு மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்லிப் பார். நிஜமாகவே உன்னை வேண்டும் என்கிற கிளப் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த டிரான்ஸ்ஃபர் விண்டோவில் கூப்பிடும். அந்தச் சர்டிபிகேட் இருந்தால் முழங்கால் போனாலும், மைனில் ஆளை மேலே ஏற்றுகிற கூண்டு மாதிரி உனக்கு ஒன்று இருக்கும். ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பு வந்தால் வெட்கப்படாமல் அப்ளை பண்ணு. கோச்சிங் டி லைசென்ஸும் முடித்துவை. முப்பது வயதுக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்க அதுதான் வாசல். இதை எல்லாம் ஆட்டம் சரியாக வராதவன் யோசிப்பது என்று உன் சிநேகிதர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஒன்று மட்டும் சந்தோஷமாகச் சொல்கிறேன். 2023 மார்ச்சில் ரியாத்தில் கர்நாடகம் சந்தோஷ் டிராபி ஜெயித்தது ஞாபகம் இருக்கிறதா? மேகாலயாவை 3-2. மைசூர் என்று பேர் இருந்த காலத்துக்குப் பிறகு 54 வருஷம் கழித்து. ரவி பாபு ராஜு பயிற்சி கொடுத்த டீம். சுனில் குமார், பேக்கி ஓரம், ராபின் யாதவ் கோல் போட்டார்கள். டீ.வி.யில் விளம்பரத்துக்கு வருகிற முகம் ஒன்றும் அதில் இல்லை. உன்னைப் போல லீகில் ஓடுகிற பிள்ளைகள். அன்றைக்கு ராத்திரி நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். உங்கத்தை தூங்கிவிட்டாள். கத்த ஆளில்லாமல் தலையணையைக் குத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வா. காண்டிராக்ட் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா, எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டலாம். உங்கம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். சாயந்திரம் ஐந்து மணிக்கு லைனுக்குப் பின்னால் மைதானத்தில் இரு, பூட்ஸோடு. நான் உனக்குப் பின்னால் நின்று எத்தனை விரல் காட்டுகிறேன் என்று கேட்பேன். வலது பக்கம்.

உன் தாய்மாமன்

வரும்போது பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் எனக்கு இருமல் மாத்திரை ஒரு அட்டை வாங்கி வா.