கரண்ட் வைக்க யார் காசு கொடுப்பது?

கவரைப்பேட்டைப் பக்கம் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்கிறோம். அதற்கு உதவி கேட்டால் உடனே வரும் பதில்: "அது கோடிக்கணக்கில் ஆகிற மிஷின், நம்ம ஐநூறு எந்த மூலைக்கு?"

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே இதற்கு மறுமொழி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1954இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். மூன்றே ஆண்டில், 1957இல், கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி அங்கே வந்துவிட்டது.

"மிஷின் வாங்கிக் கொடுத்தாச்சு, கடமை முடிஞ்சுது" என்ற நினைப்புதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கோபால்ட்-60இன் வீரியம் ஐந்தேகால் ஆண்டில் பாதியாகிவிடும். அதன்பின் அதே அளவு கதிரைப் பெற நோயாளி இரண்டு மடங்கு நேரம் படுத்திருக்க வேண்டும். அந்தக் கோபால்ட் மூலத்தை மாற்றப் பணம் வேண்டும். இன்னொரு வகைக் கருவியான லீனியர் ஆக்சிலரேட்டரில் அந்தச் சிக்கல் இல்லை. பராமரிப்புச் செலவோ ஆண்டுதோறும் உண்டு.

நோயாளியின் கணக்கு வேறு. பல புற்றுநோய்களுக்கு வாரம் ஐந்து நாள், ஐந்தாறு வாரம் கரண்ட் வைக்க வேண்டும். கருவிக்கு அடியில் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காகக் கவரைப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, அடையாறுக்குப் பஸ் பிடித்து, களைத்த உடம்போடு திரும்ப வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி என்றால் அத்தனை நாள் சம்பளமும் போச்சு. துணைக்கு வருபவருக்கும் அப்படியே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைக்குக் கைகொடுக்கும்; போன கூலியைத் தராது. முடியாமல் பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கட்டி மறுபடி வளரக்கூடும். தங்க ஓர் அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் கொடுப்பவர் அந்தச் சிகிச்சையை முடித்துக் கொடுப்பவர்.

அந்த அறையையும் பயம் தடுக்கிறது: "கரண்ட் வைத்தவர் உடம்பிலிருந்து கதிர் வருமாம்." வெளியிலிருந்து செலுத்தும் கதிர் கருவியை நிறுத்திய நொடியே நின்றுவிடும். அவர் மடியில் பேரக்குழந்தை தாராளமாக உட்காரலாம். கதிரியக்கப் பொருளை மருந்தாகவோ விதையாகவோ உடம்புக்கு உள்ளே வைக்கும் சில சிகிச்சைகளுக்கு மட்டும் எச்சரிக்கை உண்டு. அதை மருத்துவரே சொல்லி அனுப்புவார்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பது வீண் என்பாரும் உண்டு. அடையாறில் 1981இல் தொடங்கிய சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு, எந்தப் புற்றுநோய் எவ்வளவு பேருக்கு வருகிறது என்று எண்ணிச் சொல்கிறது. எங்கே எத்தனை கருவி வேண்டும் என்று திட்டமிட அந்தக் கணக்கு வேண்டும்.

கொடுப்பவர்கள் ரசீது கேட்டு வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது. சிப்காட் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமையும் தர வேண்டும். உங்கள் நிர்வாகத்திடம் அடுத்த முறை பேசும்போது, நம் பகுதி நோயாளிகளின் ஆறு வாரத் தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் அதில் ஒரு பங்கு கேளுங்கள்.