சொந்தத் தொழிலுக்கு எந்தப் படிப்பு? றொசல்லப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும் றொசல்ல, வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "அடுத்து என்ன?" அண்மைக் காலமாக அதற்கு ஒரு புதுப் பதில் காதில் விழுகிறது. "சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறேன். அதற்கு பிஸ்னஸ் மேனேஜ்மன்ட் டிப்ளோமா படிக்கப் போகிறேன்." முதல் வாக்கியம் என்னை மகிழ வைக்கிறது. தாத்தாவும் பாட்டியும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து வாழ்ந்த மண்ணில், பேரப்பிள்ளை முதலாளியாக நினைப்பது பெரிய விஷயம். இரண்டாவது வாக்கியம்தான் கவலை தருகிறது. ஏன் அந்தப் படிப்பு என்று கேட்டால், கூட்டாளி சேர்ந்துவிட்டான், மாமா மகன் பட்டமளிப்புப் படம் போட்டான், அப்பா சொன்னார் என்றுதான் பதில் வருகிறது.

மருத்துவம், பொறியியல் என்று போகக்கூடிய பிள்ளை போகட்டும். ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்குப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அவற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தொழிலை உருவாக்கி நாலு பேருக்கு வேலை கொடுக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கே இந்த வழிகாட்டி. அவர்களுக்கு முன்னால் நான்கு வழிகள் உள்ளன.

முதல் வழி, உயர்தரமும் பல்கலைக்கழகமும். வணிகப் பிரிவில் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி மூன்றையும் ஒழுங்காகப் படித்தாலே தொழிலுக்கு நல்ல அடித்தளம். 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. 2005 இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பெறுமதி சேர்ப்புக்கும் தனிப் பட்டப்படிப்பு உண்டு. தேயிலைக்குள் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அதை எட்டிப் பார்க்காமல் இருப்பது எனக்கு விளங்காத ஒன்று. காலம் எடுக்கும் வழி இது. படிப்பில் நாட்டம் உள்ளவர்களுக்கு ஏற்றது.

இரண்டாவது, தொழிற்பயிற்சி. தச்சு, மின்னிணைப்பு, வாகனம் திருத்தல், பேக்கரி, தையல், குளிரூட்டி திருத்தல் என்று ஒரு கைத்தொழில். தேசிய தொழிற் தகைமையில் 4 ஆம் மட்டம் முடித்தவர் தேர்ந்த தொழிலாளி. 5, 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7 ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். அரச நிலையங்களில் பல பாடநெறிகளுக்குக் கட்டணமே இல்லை. "படிக்காத பிள்ளைதான் அங்கே போகும்" என்ற பேச்சை நாம் விட்டொழிக்க வேண்டும்.

மூன்றாவது, நல்ல தொழில் செய்பவர் ஒருவரிடம் வேலைக்கு நின்று பழகுவது. என் மனம் இந்தப் பக்கம் சாய்வதை நான் மறைக்கவில்லை. உயர்தர வகுப்புகளுக்குக் கணக்கீடு படிப்பிக்க வருமுன் கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் நின்றவன் நான். யாருக்குக் கடன் கொடுக்கலாம், எந்தச் சரக்கு எந்த மாதம் தேங்கும், கழிவு போக மிச்சம் எவ்வளவு என்பதையெல்லாம் அங்கே கற்றேன். பிற்பாடு பாடநூலில் வாசித்தது எதுவும் அந்த அளவுக்கு மனதில் ஒட்டவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. சம்பளத்துக்காக மட்டும் போகும் பிள்ளை பத்து வருடத்தின் பிறகும் சாமான் தூக்கிக்கொண்டிருப்பான். பழகப் போகும் பிள்ளை இரண்டாவது வருடமே கணக்குப் புத்தகத்தை எட்டிப் பார்க்கத் தொடங்குவான்.

நான்காவது, நகரத்துத் தனியார் நிலையங்கள் விற்கும் வணிக முகாமைத்துவ டிப்ளோமா. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

முதலில் பணம். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு பாடநெறிக்கு ஒன்றரை இலட்சம் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சம்பளத்தில் அம்மா 110 நாட்களுக்கு மேல் மலையில் நின்று கொழுந்து பறித்த காசு முழுவதும் அதற்கே போய்விடும். பெரும்பாலும் நகை அடகுக் கடைக்குப் போகிறது, அல்லது வாராந்தக் கடன் வாங்கப்படுகிறது. தொழில் தொடங்க வேண்டிய பிள்ளை தொடங்கும் முன்னரே கடனாளி.

அடுத்தது, என்ன கற்பிக்கிறார்கள் என்பது. பலம், பலவீனம் என்று கட்டம் போட்டு எழுதுவார்கள். உலகப் பெரும் கம்பனிகளின் வெற்றிக் கதைகளைப் படிப்பார்கள். கோட்டும் தொப்பியும் போட்டுப் படம் எடுப்பார்கள். நான் அறிந்த ஒரு மாணவி இப்படி ஒரு டிப்ளோமாவை மிகத் திறமையாக முடித்து வந்தாள். அவளுடைய அம்மா முறுக்குச் சுட்டு லயத்தில் விற்பவர். ஒரு பக்கெட் முறுக்குக்கு அடக்கவிலை எவ்வளவு என்று கேட்டேன். மாவும் எண்ணெயும் கணக்கில் வந்தன. விறகு வரவில்லை, பக்கெட் வரவில்லை, அம்மாவின் உழைப்புக்குக் கூலி வரவே இல்லை. அவளிடம் குறை எதுவுமில்லை. ஒரு வருடமாக அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, அந்தச் சான்றிதழ் எங்கே செல்லும்? சேருமுன் இவற்றைக் கேளுங்கள். நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்குத் தொழிற் தகைமை மட்டம் உண்டா? வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா? படிப்பிப்பவர் எப்போதாவது ஒரு தொழிலை நடத்தியவரா? போன வருடம் முடித்த மூன்று பேரோடு பேச விடுவார்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கும் இடத்தில் கால் வைக்க வேண்டாம். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: "என் பிள்ளை டிப்ளோமா படிக்கிறது" என்று கோயில் திருவிழாவில் சொல்லிக்கொள்ளும் பெருமைக்காகக் காதுத் தோட்டைக் கழற்றாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் தனியாக எழும்புவது மலையகத்தில் மிகக் கடினம். பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணி உறுதி கையில் இல்லை. அதனால் வங்கியில் வைக்கப் பிணையும் இல்லை. ஆகவே கூட்டாக எழும்புவதைப் படிப்போடு சேர்த்தே கற்க வேண்டும். இலங்கையில் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்கள் 1906 முதல் இருக்கின்றன. மங்கிக் கிடந்த அந்தச் சங்கங்களை 1978 இல் கிரிவந்தெனிய என்பவர் சணச இயக்கமாகத் தட்டி எழுப்பினார். கேரளத்தின் மூணாற்றில் 2005 இல் டாடா நிறுவனம் தோட்டங்களை விட்டபோது தொழிலாளரே பங்குதாரராகி கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பனியை ஏற்றார்கள். அங்கே கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தமிழர்கள். தமிழ்நாட்டின் நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் 1960களிலிருந்து இயங்குகின்றன.

நம்மிடமும் சீட்டு உண்டு, மரண உதவிச் சங்கம் உண்டு. முகம் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பிக் காசு போடும் பழக்கம் லயத்தில் ஏற்கனவே வேரூன்றியிருக்கிறது. சாவுக்குச் சேரும் நாம் பிழைப்புக்கும் சேரலாம். மூன்று நான்கு பிள்ளைகள், ஒருவருக்குப் பேக்கரி தெரியும், ஒருவருக்குக் கணக்குத் தெரியும், ஒருவருக்கு முச்சக்கர வண்டி உண்டு என்றால் அங்கே ஒரு தொழில் பாதி பிறந்துவிட்டது.

அதற்குப் பேச்சு வேண்டும். மாதம் ஒருமுறை பாடசாலை மண்டபத்திலோ கோயில் மடத்திலோ உயர்தர மாணவர்களும், பால் மாடு வளர்ப்பவரும், தையல்காரரும், மரக்கறி வியாபாரியும், நகரத்துக் கடைக்காரரும் ஒன்றாக உட்கார வேண்டும். இலாபக் கதைகளோடு நட்டக் கதைகளையும் சொல்ல வேண்டும். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியது. நாம் பறித்த கொழுந்து அங்கே எப்படி விலையாகிறது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைச் சொல்லித்தர ஒரு தொழிற்சாலை அலுவலரை அழைத்துவர ஒரு ஆசிரியர் மனம் வைத்தால் போதும். முயற்சியாண்மை வளரும் சூழல் என்று பெரிய மேடைகளில் பேசுகிறார்களே, றொசல்லயில் அது இப்படித்தான் தொடங்கும்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. உனக்கு எது வரும் என்பதை ஊர் சொல்லாது, உன் கையும் உன் பொறுமையும்தான் சொல்லும். எந்த வேலையில் இருக்கும்போது நேரம் போவது தெரியவில்லை என்று பார். எந்த வேலையில் பிழை விட்டாலும் மறுபடி செய்து பார்க்க மனம் வருகிறது என்று பார். அதுதான் உன் தொழில். மெரில் ஜே. பெர்னாண்டோ 1950களில் தேயிலை ருசி பார்க்கக் கற்றார். அவர் உருவாக்கிய டில்மா என்ற பெயர் உலகச் சந்தைக்குப் போனது 1980களில். இடையில் இருந்த அத்தனை வருடங்களும் படிப்புத்தான். மூன்று மாதத்தில் முதலாளி ஆக்குகிறேன் என்பவனை நம்பாதே. ஒரு தொழிலைக் கையில் பழகு, ஒவ்வொரு சதத்தையும் எழுதி வை, நம்பக்கூடிய இரண்டு பேரைச் சேர்த்துக்கொள். அதன் பிறகும் டிப்ளோமா தேவை என்று தோன்றினால், உன் சொந்த வருமானத்தில் படி.