அமைதிக்கு எங்கே கேமராவை வைப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் படத்தொகுப்பைப் பார்த்தேன். வெளிச்சம் உனக்கு நன்றாகக் கைவந்திருக்கிறது. கூடவே வந்த கடிதம்தான் உறுத்தியது. ஏழை நாடு என்றால் போரும் பஞ்சமும்தான் படமாகும், மற்றதெல்லாம் விளம்பரம் என்று எழுதியிருக்கிறாய்.

வியட்நாமை எடுத்துக்கொள். உலகம் அந்த நாட்டை அறிந்ததே போர்ப்படங்களால்தான். 1972-ல் டிராங் பாங் சாலையில், நாபாமில் வெந்து ஓடிவந்த சிறுமியின் படம் உனக்கும் மனப்பாடமாக இருக்கும். அதற்குப் பிறகு அங்கே நடந்ததைக் காட்டும் ஒரு படம் சொல், பார்ப்போம்.

1975-ல் போர் முடிந்தும் அமைதி வரவில்லை. 1978 இறுதியில் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் போனது. 1979-ல் சீனா எல்லை தாண்டி வந்தது. கூட்டுப்பண்ணைகளில் விளைச்சல் படுத்துவிட்டது. 1988-ல்கூட வடக்கே மக்கள் பட்டினி கிடந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நாடு பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது.

இதை அதிசயம் என்று மட்டும் எழுதிவிடாதே. வின் ஃபுக் மாகாணத்தின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் கிம் ங்கோக், 1966-லேயே கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களிடம் ஒப்படைத்துப் பார்த்தார். விளைச்சல் கூடியது, மேலிடமோ கண்டித்து நிறுத்தியது. ஆனாலும் வேறு ஊர்களில் விவசாயிகள் கமுக்கமாக அதையே செய்தார்கள். 1981-ல் கட்சி அரை மனதோடு இறங்கிவந்தது. 1986 கட்சி மாநாட்டில் கொள்கை மாறியது. 1988-ல் வந்த கட்சியின் பத்தாம் தீர்மானம் சாகுபடியைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது. 1993 நிலச் சட்டம், நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை அடகு வைக்கவும் பிள்ளைகளுக்கு விட்டுப்போகவும் வழி செய்தது. அதற்கான சான்றிதழை அங்கே ‘சிவப்புப் புத்தகம்’ என்பார்கள். 2003 சட்டத்துக்குப் பிறகு கணவன், மனைவி இருவர் பெயரும் அதில் ஏற வேண்டும்.

தம்பி, அந்தப் புத்தகத்தைப் படம் எடு. வீட்டில் எங்கே பூட்டி வைத்திருக்கிறார்கள், வங்கியில் அடகில் இருக்கிறதா, அந்தக் கடனில் எருமை வந்ததா, பம்புசெட் வந்ததா என்று விசாரி. சிரிக்கும் குழந்தையோடு மட்டும் திரும்பி வராதே. பஞ்சகாலத்திலும் குழந்தைகள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும். அது எதற்கும் சாட்சி ஆகாது.

1993-ல் மக்களில் 58 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2008-ல் அது 15-க்கும் கீழே இறங்கியது. இந்தப் பதினைந்து ஆண்டுகளுக்கும் ‘இன்று நடந்தது’ என்று காட்ட ஒரு நாள் கிடையாது. அதனால்தான் செய்தி ஆசிரியர்களிடம் இது விலைபோகவில்லை. நீ செய்யக்கூடியது, ஒரே முற்றத்தை, ஒரே இடத்தில் நின்று, அறுவடைக்கு அறுவடை எடுப்பது. டாக் லாக் மாகாணத்தில் காப்பி காயும் களம் இதற்குத் தோதானது.

பகை என்ன ஆனது என்று கேட்பாய். 1989-ல் கம்போடியாவிலிருந்து படை திரும்பியது, 1991-ல் சீனாவோடு உறவு சீரானது, 1995-ல் அமெரிக்காவோடு. குண்டு போட்ட நாடுதான் இன்று வியட்நாம் பொருள்களுக்கு மிகப் பெரிய சந்தை. தென்சீனக் கடல் தகராறு தீரவில்லை என்பதும் உண்மை. ஆனால் இழக்க ஏதோ சேர்ந்துவிட்ட நாடு சண்டைக்குக் கிளம்புமுன் கணக்குப் பார்க்கும். என் நம்பிக்கை மக்களின் நல்லெண்ணத்தைவிட இந்தக் கணக்கின் மேல்தான் அதிகம் நிற்கிறது.

சர்க்கார் பல்லவி பாடுகிறேன் என்று நினைக்காதே. அங்கே ஒரே கட்சிதான். எழுதியதற்காகச் சிறையில் இருப்பவர்கள் உண்டு. 2016-ல் ஹா டின் இரும்பாலைக் கழிவால் நான்கு மாகாணக் கரைகளில் மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் மறுபடி விரித்த வலையோடு சேர்த்து அந்தப் பாதிப்பையும் எடு. இரண்டில் ஒன்றை மறைத்தால்தான் அது விளம்பரம்.

போவதானால் குவாங் ட்ரி மாகாணத்தில் தொடங்கு. வெடிக்காத குண்டுகளை உள்ளூர்க்காரர்களே, பெண்களும் சேர்ந்து, இன்னும் தேடி எடுத்து அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். குண்டு வெடிக்கும் நொடிக்காகக் காத்திருக்காதே. அகற்றி முடித்த வயலுக்கு அடுத்த பருவத்தில் திரும்பிப் போ. யார் நட்டார்கள், என்ன விலைக்கு விற்றது என்று படக்குறிப்பில் எழுது, ஆண்டை விட்டுவிடாதே. தொகுப்பு தேறியதும் எனக்கு அனுப்பு. கழித்துக்கட்டிய படங்களையும் சேர்த்து அனுப்பு, ஒருமுறை பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்