விற்ற வயலின் தண்ணீர் எங்கே போகும்?

பழவூர் அணைக்கட்டில் பிரிந்து பாளையங்கோட்டைக்கு வரும் பாளையங்கால்வாயின் ஓரத்தில் வயல்கள் மனைகளாகின்றன. சென்ட் என்ன விலை என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். அந்த வயல் எவ்வளவு தண்ணீர் தாங்கும்னு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கீங்களா?

ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். வரப்புக்குள் 15 செ.மீ. தண்ணீர் நின்றால் சுமார் 6 லட்சம் லிட்டர். அதாவது, 12,000 லிட்டர் லாரியில் 50 லாரி. அதில் ஒரு பங்கு நிலத்தடிக்கு இறங்கும். வயலில் மண்ணடித்து மேடாக்கிட்டா அவ்வளவும் தெருவுக்கும் பக்கத்து வயலுக்கும்தான் பாயும். 2023 டிசம்பர் மழையைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து வயல் மனையாகுதா? கிராம வரைபடம், புலப்படம் இரண்டிலும் வாய்க்கால், வடிகால் புறம்போக்கு எங்கே போகுதுன்னு பாருங்க. கல் நடும் முன்பே, சர்வே எண்ணோடு வட்டாட்சியருக்கு மனுக் கொடுங்க. வீடு கட்டிய பிறகு வடிகாலை மீட்பது லேசில்லை.