பிக்கப்புக்குச் சுப்பர்சாஜர் பூட்டுவதற்கு முன்

சொந்தக் காணிக்குத் திரும்ப வழியின்றிக் குத்தகைக் காணியில் பயிர் செய்யும் குடும்பங்களுக்கு, கூட்டாக வாங்கிய பழைய பிக்கப் ஒன்றே பல சமயம் இருக்கும் பெரிய சொத்து. தண்ணீர்த் தாங்கியும் அதில்தான், மிளகாய் மூட்டையும் அதில்தான், இரவில் நோயாளியும் அதில்தான். பாரம் ஏற்றினால் இழுக்கவில்லை என்ற குறை வந்தவுடன், சுப்பர்சாஜர் ஒன்று பூட்டினால் எல்லாம் சரி என்று ஒருவர் சொல்லுவார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அரைகுறையாகப் பூட்டினால் அறுவடைக் காலத்தில் எஞ்சின் போய்விடும். சங்கத்தில் எடுத்த கடன் அப்படியே நிற்கும். ஆகவே இது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

எஞ்சினின் உணவு எரிபொருள் மட்டுமல்ல, காற்றும்தான். ஒரு லீற்றர் பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். பிஸ்ரன் கீழே இறங்கும்போது எவ்வளவு காற்று தானாக உள்ளே வருகின்றதோ, அதற்கேற்ற எரிபொருளைத்தான் எரிக்க முடியும். இந்தக் காற்றை வெளியிலிருந்து அமுக்கித் தள்ளுவதே நாம் பேசும் கருவியின் வேலை. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். அதனுடன் 6 இறாத்தல் கூட்டினால் கணக்கின்படி 40 வீதம் கூடுதலான காற்று. நடைமுறையில் அவ்வளவு கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதுபோல, அமுக்கிய காற்றும் சூடாகி விரியும். அதைக் குளிர்விக்கவே இன்ரர்கூலர் என்ற சிறிய றேடியேற்றரைச் சேர்க்கின்றார்கள்.

தள்ளும் முறை இரண்டு. எஞ்சினின் முன் கப்பியிலிருந்து பெல்ற் மூலம் சுழல்வது சுப்பர்சாஜர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் றூட்ஸ் சகோதரர் 1860இல் உரிமம் பெற்ற ஊதுகருவியே இதன் ஒரு வகைக்கு மூதாதை. சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தால் சுழல்வது ரேபோசாஜர்; சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905இல் இதற்கு உரிமம் பெற்றார். பெல்ற்றில் ஓடுவது எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும், ஆனால் அக்சிலேற்றரை மிதித்தவுடன் இழுக்கும். ரேபோ வீணாகப் போகும் புகையைப் பயன்படுத்துவதால் சிக்கனமானது. இழுவை சற்றுப் பிந்தி வரும்.

பெற்றோல் எஞ்சினில் 'நொக்கிங்' பற்றிக் கவனம் வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு அந்தத் தட்டல் சத்தம் மறந்திருக்காது. எரிபொருள் ஒழுங்காக எரியாமல் தானாக வெடித்துப் பிஸ்ரனைத் தாக்கும் சத்தம் அது. காற்றை அமுக்கி அனுப்பினால் நல்ல பெற்றோலிலும் அது வரக்கூடும். எனவே குறைந்த அழுத்தமும் 95 ஒக்ரேன் பெற்றோலும் வேண்டும். பற்றவைக்கும் நேரத்தையும் சற்றுப் பின்தள்ள வேண்டும்.

நம்மவர்களின் பிக்கப்புகள் பெரும்பாலும் டீசல். அவற்றுக்கு ரேபோவே பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் காற்று மட்டும் கூடினால் பலம் பெரிதாகக் கூடாது; பம்பில் டீசலையும் சற்றுக் கூட்ட வேண்டும். இங்கேதான் பலர் கெட்டுப்போகின்றார்கள். கறுப்புப் புகை கக்கும் அளவுக்குக் கூட்டினால் வெப்பம் ஏறிப் பிஸ்ரன் உருகும். மேலும், ரேபோவோடு செய்யப்பட்ட எஞ்சின் வேறு, பிறகு பூட்டப்பட்டது வேறு. ரொயோட்டாவின் 2எல், 2எல்-ரி ஆகிய இரண்டும் 2,446 கன சென்ரிமீற்றர்தான். ஆனால் ரேபோவுடைய 2எல்-ரி அதற்கேற்ப உள்ளே மாற்றி அமைக்கப்பட்டது.

உண்மையில் இது உங்களுக்குத் தேவையா? நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே மரக்கறி ஏற்றுகின்றவருக்கு இக்கருவி பெரிய உதவி. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் தம்புள்ளைச் சந்தைக்குப் போகின்றவருக்கு ஏற்றம் குறைவு. அவருடைய வண்டி இழுக்காவிட்டால் காரணம் வேறிடத்தில் இருக்கலாம்: தூசி அடைத்த எயார் பில்ற்றர், ஒழுகும் நொசில், விடாமல் பிடிக்கும் பிறேக், காற்றுக் குறைந்த ரயர். இவற்றைச் சரிசெய்த பின் கொம்பிரெசன் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டாவிட்டால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். நற்செய்தியில் கோபுரம் கட்டப் புறப்பட்டவனின் உவமையை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: எஞ்சின் பலம் கூடியதால் ஒரு தொன் தாங்கும் அச்சு இரண்டு தொன் தாங்காது. பிறேக்கும் அப்படித்தான். பின்னால் பிள்ளைகளும் ஏறுகின்றார்கள்.

பஞ்சிகாவத்தையில் பழைய ரேபோ வாங்குவதென்றால் அச்சைக் கையால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் கையில் தெரியும் அசைவு கூடாது. இறகுகள் சுவரில் உரசிய அடையாளம் இருந்தால் வாங்க வேண்டாம்.

பூட்டும்போது முக்கியமானது ஒயில். நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய இந்த அச்சு ஒயில் படலத்தின் மேலேயே மிதக்கின்றது. ஒயில் திரும்பும் குழாய் அகலமாகவும் நெளிவின்றியும் கீழ்நோக்கிச் சரிந்தும் சம்புக்குள் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஒயில் தேங்கிப் புகைக் குழாய்க்குள் கசியும். முதல் முறை எஞ்சினை இயக்குமுன் ரேபோவுக்குள் சிறிது ஒயில் ஊற்றி, டீசலை நிறுத்தி, ஸ்ராட்டரால் சில விநாடிகள் சுழற்றி ஒயில் வந்து சேர்ந்ததைப் பார்த்துக்கொள்ளுங்கள். புகையின் வெப்பத்தைக் காட்டும் மானியும் பூட்டுங்கள். 700 பாகை செல்சியஸைத் தாண்ட விடவேண்டாம். பாரத்தோடு ஓடிவந்தவுடன் நிறுத்தாமல் ஒரு நிமிடமாவது மெதுவாக ஓடவிடுங்கள். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை ஒயில் மாற்றுங்கள்.

மாற்றம் பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே விசாரித்து, காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். புகைப் பரிசோதனையில் தவறினால் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பம்பைக் கூட்டிய மெக்கானிக்கையே அந்தப் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். கூலியின் கடைசிப் பகுதியை அதன் பிறகு கொடுக்கலாம்.